டிரஸ்ட் எழுதியாயிற்று, வீடு அதற்குள் இருக்கிறதா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறோம். நானும் மனைவியும் லிவிங் டிரஸ்ட் (வாழும்போதே சொத்தை அதன் பெயரில் வைத்து, பின்னால் வாரிசுகளுக்குச் சேர்க்கும் ஏற்பாடு) எழுதி, வீட்டையும் அதற்கு மாற்றினோம். பிறகு வீட்டுக் கடனை ரீஃபைனான்ஸ் செய்தோம், அதாவது புதிய கடன் வாங்கிப் பழையதை அடைத்தோம். வீட்டின் மதிப்பு 14 லட்சம் டாலர், கடன் 6 லட்சம். வங்கிச் சேமிப்பு, என் 401கே (வேலை வழியான ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு), தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு ஆகியவையும் உண்டு. குழந்தைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். எல்லாவற்றையும் டிரஸ்டுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. ஆனால் அதற்கு முன் வீட்டைப் பாருங்கள். ரீஃபைனான்ஸின்போது வீட்டை டிரஸ்டிலிருந்து எடுத்துச் சொந்தப் பெயருக்கு மாற்றச் சொல்லும் கடன் நிறுவனங்கள் உண்டு. அன்று கையெழுத்திட்ட காகிதக் கட்டுக்குள் அந்தப் பத்திரமும் இருந்திருக்கலாம், திருப்பி மாற்றும்படி ஒருவரும் நினைவூட்டாமலும் இருந்திருக்கலாம். உங்கள் அலமேடா கவுண்டியின் ரெக்கார்டர் (பத்திரப் பதிவு) அலுவலகத்தில் கடைசியாகப் பதிவான பத்திரத்தின் நகலை வாங்கி, உரிமையாளராக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால், டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் என்ற முறையில் உங்கள் இருவர் பெயருக்கும் வீட்டை மாற்றிப் புதிய பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் விரும்பும்போது ரத்து செய்யக்கூடிய டிரஸ்டுக்கு மாற்றுவதால் சொத்து வரிக்கான மதிப்பு உயராது. நீங்களே அங்கு குடியிருந்து பயனாளியாகவும் நீடிக்கும்வரை, இந்த மாற்றத்தைக் காரணம் காட்டிக் கடன் முழுவதையும் உடனே கட்டச் சொல்ல 1982ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை. வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

இதைத் தள்ளிப்போட்டு, உங்கள் இருவருக்கும் பின் வீடு டிரஸ்டுக்கு வெளியே கிடந்தால், பிள்ளைகள் புரோபேட் நீதிமன்றத்துக்கு (இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றித் தரும் நீதிமன்றம்) போக வேண்டியிருக்கும். வழக்கறிஞர் கட்டணம் சட்டப்படி முதல் 1 லட்சம் டாலருக்கு 4%, அடுத்த 1 லட்சத்துக்கு 3%, அடுத்த 8 லட்சத்துக்கு 2%, அதற்கு மேல் 1%. கடனைக் கழிக்காமல் 14 லட்சத்துக்கே கணக்கிடுவார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். 27,000 டாலர் ஆகும். சொத்தை நிர்வகிப்பவரும் அதே தொகையைக் கேட்கலாம்.

வங்கிக் கணக்குகளை டிரஸ்ட் பெயருக்கு மாற்றுவது எளிது. டிரஸ்டின் முழுப் பத்திரத்தையும் காட்டத் தேவையில்லை, டிரஸ்டிகளின் சுருக்கச் சான்றுரை போதும்.

401கே கணக்கை மட்டும் தொடாதீர்கள். வாழும் காலத்திலேயே அதை டிரஸ்டுக்கு மாற்ற முயன்றால் பணத்தை வெளியே எடுத்ததாகவே கருதப்பட்டு வருமான வரி விழும். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் என்றால் பொதுவாக 10% அபராதமும் சேரும். அங்கே வேலை செய்வது பயனாளி படிவம்தான். முதல் பயனாளியாக மனைவி இருக்கட்டும். அடுத்த நிலையில் சிறு குழந்தைகளை நேரடியாக எழுதினால், அவர்கள் பங்கை நிர்வகிக்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்க நேரலாம். அந்த இடத்தில் டிரஸ்டை எழுதுவது நல்லது. ஓய்வூதியக் கணக்குக்கு ஏற்ற விதிகள் அதில் உள்ளனவா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாம்பரம் வீட்டுக்கு இந்தியச் சட்டமே பொருந்தும். அதை அமெரிக்க டிரஸ்டுக்குள் கொண்டுவர முயல்வது வீண் சிக்கல். இந்தியச் சொத்துக்கு மட்டும் தனி உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை என்றாலும் நான் பதியவே சொல்வேன். எழுதுபவர் வழக்கமாகச் சேர்க்கும் ‘இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்’ என்ற வரியை இந்தியச் சொத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டிரஸ்ட் எழுதியபோது நீங்கள் அமெரிக்காவில் உயிலும் எழுதியிருந்தால், அதையும் இந்த வரி ரத்து செய்துவிடக்கூடும்.