பழைய ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) பதிவுகளை வைத்து ஒரு பாலைவனக் காட்டுப்பூ குறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும், செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய ஹெர்பேரியம் தாள்களின் படங்களைத் திரையில் திறந்து, லேபிளில் உள்ளதைத் தட்டச்சு செய்து தரும் தன்னார்வலன். பெரும்பாலும் கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனப் பக்கத்துத் தாள்கள். செடி அன்று அங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தாள் நல்ல சாட்சி. ஆனால் குறைந்துபோனது என்று சொல்ல அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

டெத் வேலியில் ஆண்டு மழை சராசரியாக 50 மி.மீ. அளவுதான். விதைகள் பல வருடம் மண்ணிலேயே கிடக்கும். நல்ல மழை நனைத்தால் 1998, 2005, 2016 போல மொத்தமாகப் பூத்துத் தள்ளும். செடி சேகரிப்பவர்களும் அப்போதுதான் ஓடி வருவார்கள், அதுவும் கார் போகும் சாலையோரமாக. ஆகவே வருடவாரியாகப் பதிவுகளை எண்ணினால் பாதி மழைக் கணக்கு, மீதி ஆட்கள் வந்துபோன கணக்கு.

ஜூலை கோல்டு என்ற மஞ்சள் பூப் புதர் அறிவியல் கண்ணில் பட்டதே 1975இல்தான். மேரி டெடெக்கர் என்ற தாவரவியலாளர் யுரேகா பள்ளத்தாக்குப் பக்கம் கண்டுபிடித்தார். பேரினத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். அது பூப்பது கொளுத்தும் கோடையில். சேகரிப்பவர்கள் வசந்தத்திலேயே மூட்டை கட்டிவிடுவார்கள். 1975க்கு முன் பதிவு இல்லை என்பதால் செடியும் இல்லை என்றாகிவிடுமா?

இன்னொரு வில்லங்கம், நகல் தாள்கள். ஒரே நாளில் ஒரே செடிக்கூட்டத்திலிருந்து எடுத்து, ஒரே எண் போட்டு, நாலு ஹெர்பேரியத்துக்கு அனுப்புவார்கள். தரவுத்தளத்தில் அது நாலு வரி. சேகரித்தவர் பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டு முதலில் அதைக் கழியுங்கள்.

லேபிளைப் பொறுமையாகப் படியுங்கள். 1891இல் டெத் வேலிக்குப் போன ஆய்வுப் பயணத்தின் தாள்களில் கோவில், ஃபன்ஸ்டன் என்று இரண்டு பெயர்கள் வரும். (கோவில் என்பது ஆள் பெயர்தான்! தாவரவியலாளர். ஃபன்ஸ்டன் பிறகு ராணுவ ஜெனரல் ஆனார்.) அவ்வளவு பழைய பதிவுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தால், பிற்காலத்தில் யாரோ வரைபடத்தைப் பார்த்துப் போட்டது. 'ஃபர்னஸ் க்ரீக்குக்குத் தெற்கே 12 மைல்' என்று (ஃபர்னஸ் க்ரீக் டெத் வேலியில் உள்ள ஓர் ஊர்) எழுதியிருந்தால், அது சாலை வழியா, நேர்கோடா? அதனால்தான் பக்கத்திலேயே 'எத்தனை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த எண் பெரிதாக இருந்தால் வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள்.

என்னைப் போன்ற ஆட்களின் பிழையும் இதில் சேரும். ஃபைவ் ஸ்பாட் என்ற பாலைவனப் பூவின் தாள் ஒன்று: உருண்டையாக மலரும் பூ தட்டையாக நசுங்கி, ஐந்து இதழின் அடியிலும் சிவப்புப் பொட்டு இருந்த இடத்தில் மங்கிய கறை. உயரம் '-200 அடி' என்றிருந்தது. எண்ணுக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியை ஏதோ பேனாக் கீறல் என்று விட்டுவிட்டேன். கடல் மட்டத்துக்குக் கீழே இருந்த செடியை 400 அடி மேலே ஏற்றிவிட்டேன். சரிபார்த்தவர் திருப்பி அனுப்பினார், தப்பித்தேன்.

சரி, அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது? அதே இடத்தில், அதே மாதத்தில் மற்றவர்கள் எடுத்த வேறு செடிகளின் பதிவுகளையும் இறக்குங்கள். அக்கம்பக்கத்துச் செடிகள் எல்லாம் தொடர்ந்து வந்து, உங்கள் பூ மட்டும் பல நல்ல மழை வருடங்களில் காணவில்லை என்றால் சந்தேகப்படலாம். அப்புறம் ஒரு மழை வருடத்தில் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.