காட்டுக்கு வழக்காட விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் படிக்கும் தங்கள் மகள், நீட் எழுதப் போவதில்லை என்றும், ஆற்றுக்காகவும் காட்டுக்காகவும் வழக்காடப் போவதாகவும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இதற்கென்று ஒரு படிப்பு உண்டா, படித்தால் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு உண்டு, சோறும் போடும், ஆனால் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

இயற்கையை மனிதனுக்குப் பயன்படும் பொருளாக மட்டும் எண்ணாமல், அதற்கென்றே ஒரு மதிப்பு உண்டு என்று கொள்ளும் இயற்கை மையப் பார்வையை நம் நீதிமன்றங்கள் ஏற்றுப் பேசத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு மாற்றும் வழக்கில், மாநிலத்தின் பெருமையைவிட அந்த உயிரினத்தின் நலனே முதன்மையானது என்ற நிலைப்பாட்டை எடுத்த உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் மாற்றும்படி 2013இல் உத்தரவிட்டது. சிங்கங்கள் இன்றுவரை அங்கே போகவில்லை; 2022இல் நமீபியாவிலிருந்து சிறுத்தைப்புலிகளின் உறவான சீட்டாக்கள்தாம் போய்ச் சேர்ந்தன. தீர்ப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று மகள் நினைத்தால், இந்த ஒரு வழக்கைப் படிக்கச் சொல்லுங்கள்.

நமக்கு அருகிலேயே இன்னொன்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அன்னையை உரிமைகளும் கடமைகளும் உடைய சட்ட ஆளாக அறிவித்தது. எல்லோரும் அந்த அறிவிப்பை மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஒரு பெரிய பொதுநல வழக்கில் பிறந்ததன்று. மேகமலையில் வனப் புறம்போக்கு நிலத்துக்குத் தனியார் பெயரில் பட்டா வழங்கியதற்காகக் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட வருவாய்த் துறை ஊழியர் ஒருவர், தம் தண்டனையை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. காட்டின் உரிமை என்கிற அவ்வளவு பெரிய கருத்து, பட்டாவில் ஏறிய ஒரு பதிவின் மேல்தான் நின்றிருக்கிறது. ஆகவே அறநெறியைப் பேசத் தெரிந்த பிள்ளைகளைவிட, சிட்டாவையும் புல வரைபடத்தையும் நீர் மாதிரிப் பரிசோதனை அறிக்கையையும் பிழையின்றி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளே இத்துறையில் நிலைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வழிகளுக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கிளாட் என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் கூடுதல். ஆனால் தங்கள் மகளுக்கு நான் பரிந்துரைப்பது வேறு: மூன்றாண்டு தாவரவியல் அல்லது விலங்கியல், அதன்பின் மூன்றாண்டு சட்டம். ஓர் ஆண்டு கூடும். அதற்குக் கைம்மாறாக, இந்திய வனப்பணித் தேர்வின் கதவு திறந்தே இருக்கும். அத்தேர்வுக்குக் குறிப்பிட்ட அறிவியல் பாடங்களில் ஒன்றோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் போன்ற பட்டமோ வேண்டும், சட்டப் பட்டம் மட்டும் போதாது. இதை அறியாமல் ஐந்தாண்டு சட்டம் முடித்துவிட்டு வந்து என் முன் அமர்ந்தவர்கள் உண்டு. காட்டிலேயே இருக்க விரும்பினால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையும் பாருங்கள்.

வருமானத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. இளம் வழக்கறிஞருக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயாவது மூத்தவர்கள் தர வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024இல் பரிந்துரைத்ததே, அதற்கும் குறைவாகப் பலர் பெறுகிறார்கள் என்பதால்தான். சென்னையில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருப்பது நமக்கு அனுகூலம். எனினும் தொடக்கத்தில் நான்கைந்து ஆண்டுகள் வீட்டின் ஆதரவு தேவைப்படும். அது இயலாதென்றால், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளைப் பற்றிய நீடித்த நிலைத்தன்மை அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருப்பதால், அவ்வறிக்கைகளைத் தயாரிக்கும் வேலை இருக்கிறது. மாதச் சம்பளம் நிச்சயம். ஆனால் அங்கே ஆறு என்பது நிறுவனம் எடுத்த தண்ணீரின் அளவு மட்டுமே. மகளின் மனம் அதில் ஒட்டுமா என்பதை அவர்தாம் சொல்ல வேண்டும். கல்விக்கடனை அடைக்கும்வரை அந்த வேலையில் இருந்துவிட்டுப் பிறகு நீதிமன்றம் போவதையும் நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். தேர்வு விடுமுறையில் மகளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துச் சென்று, உங்கள் ஊர் ஏரியின் புல எண்ணையும் பரப்பையும் 'அ' பதிவேட்டில் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளோடு அவரே ஏரிக்கரையைச் சுற்றி நடக்கட்டும். ஏட்டில் உள்ள ஏரிக்கும் கண்ணில் தெரியும் ஏரிக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு பக்கத்தில் எழுதி அவர் என்னிடம் கொண்டுவந்தால், எந்தக் கல்லூரி என்பதை அன்று உட்கார்ந்து பேசுவோம்.