பரீட்சை மீதி 5,400 ரூபாவால் பொருந்தவில்லை, எங்கே தேடுவது?

கேள்வியில் உள்ளது கல்முனை நெல் வியாபாரி ஒருவரின் கணக்கு. பரீட்சை மீதியில், அதாவது எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் வரவு (debit), செலவு (credit) என்று இரு பக்கமாக எழுதி ஒப்பிடும் பட்டியலில், வரவுப் பக்கம் 5,400 ரூபா கூடியிருக்கிறது. உடனே எல்லாப் பேரேடுகளையும் புரட்டத் தேவையில்லை, முதலில் அந்த வித்தியாசத்தையே பாருங்கள்.

அதன் பாதி 2,700. பெற்ற கழிவு (நமக்குக் கிடைத்த தள்ளுபடி) மாதிரி செலவு மீதி ஒன்று அந்தத் தொகையில் இருந்து, வரவுப் பக்கம் எழுதப்பட்டிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகி 5,400 வரும்.

இல்லையா? சரி, 9 ஆல் வகுத்துப் பாருங்கள். 600, மீதியின்றி வருகிறது. இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9 ஆல் வகுபடும், அதனால் இங்கேயும் அப்படி மாறியிருக்கலாம். ஆலைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 8,200 ஐ 2,800 என்று எழுதினால் செலவுப் பக்கம் சரியாக 5,400 குறையும். 6,000 இல் ஒரு பூச்சியத்தை விழுங்கி 600 என்று எழுதினாலும் அதே கதைதான். நான் என்றால் சென்மதிப் பட்டியலில் (நாம் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல்) இருந்தே தேடத் தொடங்குவேன். அவசரத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் அதுதான்.

பிழை அகப்படும்வரை, வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் தொங்கல் கணக்கைச் செலவுப் பக்கம் 5,400 உடன் திறந்து வையுங்கள். பிழை அந்த ஆலைக்காரரின் பேரேட்டில் அகப்பட்டால், தொங்கல் கணக்கை வரவு வைத்து அவர் கணக்கைச் செலவு வையுங்கள்.

அப்புறம் ஒன்று: தராசு வாங்கியதைச் சொத்தில் பதியாமல் கொள்வனவில் பதிந்திருந்தால் பரீட்சை மீதி அழகாகப் பொருந்தும். அந்தப் பிழையை இந்த வழியால் பிடிக்க முடியாது, பற்றுச்சீட்டைத்தான் பார்க்க வேண்டும்.