அரச நன்கொடை நிதியைச் சீராக்க வெளி ஆலோசகர்களை எடுப்பதால் பயன் உண்டா?

இலங்கையில் மத்திய அரசு மாகாண சபைகளுக்கு ஒதுக்கும் நிதியை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பயன் உண்டு, ஆனால் அவர்களிடம் என்ன வேலை கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொழும்பிலிருந்து இப்படியான குழுக்களில் சில வருடங்கள் வேலை செய்தவன் என்பதால் கண்டதைச் சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தோடு வந்த நிதி ஆணைக்குழு, மாகாணங்களின் தேவையைப் பார்த்து ஒதுக்கீட்டைச் சிபாரிசு செய்யும். சம்பளம் மாதிரிச் செலவுக்கு ஒரு நன்கொடை, வீதி, பாடசாலைக் கட்டடம் போன்றவற்றுக்கு எல்லோரும் பி.எஸ்.டி.ஜி. (PSDG) என்று சொல்லும் அபிவிருத்தி நன்கொடை. சரி, ஒதுக்கீடு வந்துவிட்டது என்றால் காசு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காசாகக் கைக்கு வருவது திறைசேரி விடும் கட்டுநிதி, அது பிந்தினால் எல்லாம் பிந்தும். டிசம்பர் 31 உடன் வருடம் மூடும், செலவழிக்காத ஒதுக்கீடு அத்தோடு போய்விடும், வேலை முடிந்தும் கொடுபடாத பில்கள் அடுத்த வருடக் கட்டுநிதியில் முதல் ஆளாக வந்து நிற்கும்.

ஒரு அலுவலகத்தில் எங்களிடம் கேட்டது கைநூலும் மென்பொருளும்தான். அதற்கு முன் முடிந்துபோன இருபது ஃபைல்களை எடுத்து, ஒவ்வொரு முத்திரையிலும் உள்ள திகதியைத் தாளில் எழுதினோம். வன்னியில் ஒரு கிராமத்துக் கொங்கிறீட் வீதி: மதிப்பீடு ஏப்ரலில், அனுமதி ஜூனில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு ஒப்பந்தம் ஓகஸ்ட் கடைசியில், முற்பணம் ஒக்டோபரில். ஒக்டோபரில் அங்கே மாரி தொடங்கிவிடும். போய்ப் பார்த்தபோது சங்கத்துச் செயலாளர் அக்கா, "தம்பி, எங்களுக்குக் காசும் மழையும் ஒண்டாத்தான் வரும்" என்றார். தறப்பாள் பிடித்துக்கொண்டு கொங்கிறீட் போட்டிருக்கிறார்கள், ஓரமெல்லாம் ஏற்கனவே உதிர ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு உண்மையில் மனம் கனத்தது.

அந்த ஃபைல் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் இரண்டு தரம் திரும்பி வந்திருந்தது, இரண்டு தரமும் ஒரே காரணம்: வீதி பிரதேச சபைக்குச் சொந்தம் என்ற கடிதம் இல்லை. இருபதில் பாதிக்கு மேல் இதே கதை. அந்தக் கடிதத்தையும் மதிப்பீட்டையும் முந்தின வருட மாரியிலேயே, வெளிவேலை இல்லாத நேரத்தில், தயார் பண்ணி வைக்கச் சொன்னோம். அதற்கு மென்பொருள் ஒன்றும் தேவைப்படவில்லை. கட்டுநிதி பிந்துவதை மாகாணத்தால் மாற்ற முடியாது, ஆனால் காசு வரும்போது ஃபைல் தயாராக இருந்தால் இரண்டு மாதமாவது மிஞ்சும்.

அதனால் ஆலோசகர்களின் பணிக்கூற்றில், அதாவது அவர்கள் செய்யவேண்டியதை எழுதிக் கொடுக்கும் தாளில், முதல் வேலையாக இந்தத் திகதிக் கணக்கைப் போடுங்கள். அப்புறம், அந்த ஃபைலைத் தினமும் கையில் வைத்திருக்கும் எழுதுநர் பக்கத்தில் அவர்கள் ஒரு வாரமாவது உட்கார வேண்டும், கொழும்பில் இருந்தபடி எழுதும் அறிக்கையில் மாரி வராது. கைநூல் தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், ஆங்கிலத்தில் வந்தது அலுமாரியோடு நின்றுவிடும். கடைசித் தவணைக் காசை அறிக்கை கைக்கு வந்த அன்றைக்குக் கொடுக்காதீர்கள். புது முறையில் ஒரு டிசம்பர் மூடி, ஜனவரியில் கொடுபடாத பில்களை எண்ணிப் பார்த்த பிறகு கொடுங்கள்.