கருவாட்டுக் கறியும் பிரஷரும்

கேள்வி: வயது 47. கிளினிக்கில் இரண்டு தரம் பார்த்தும் பிரஷர் 146/92. சாப்பாட்டைக் கவனித்துவிட்டு மூன்று மாதத்தில் வரச் சொன்னார் டொக்டர். கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டேன், வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: நல்ல தொடக்கம் சகோதரி. ஆனால் நம் வீடுகளில் உப்பு கறிச்சட்டியால் மட்டும் வருவதில்லை. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், மிக்சர், ஏன் கடைப் பாணில்கூட இருக்கிறது. எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். கருவாட்டை எப்போதாவது வையுங்கள். அதையும் சுடுநீரில் ஊறவைத்து, வெள்ளையாகக் கலங்கும் அந்தத் தண்ணீரை இரண்டு முறை ஊற்றிவிட்டு, மேலே உப்புப் போடாமல் தேசிக்காய்ப் புளி விட்டு இறக்குங்கள். ஆனையிறவு உப்பு இயற்கையானது, அது ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள், அதிலும் பிரஷரை ஏற்றும் அதே சோடியம்தான்.

வெயில் ஏறமுன் குளக்கட்டில் அரை மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாள், கொஞ்சம் மூச்சு வாங்குமளவுக்கு நடவுங்கள். உடல் பருமன் இருந்தால் சில கிலோ குறைந்தாலே பிரஷரும் இறங்கும். முருங்கையிலை, பொன்னாங்காணி, வாழைப்பழம் நல்லவை. ஆனால் சிறுநீரக வருத்தம் இருந்தால் இவற்றையும் இளநீரையும் டொக்டரிடம் கேட்காமல் கூட்டவேண்டாம். வன்னியில் அந்த வருத்தக்காரர் பலர் இருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அளக்கப் போனால் சைக்கிளால் இறங்கிய கையோடு கையை நீட்டாதீர்கள், ஐந்து நிமிடம் சாய்ந்து இருங்கள். மூன்று மாதத்தில் இறங்காமல் குளிசை தந்தால் மறுக்காமல் போடுங்கள், நடையையும் விடவேண்டாம்.