பினாங்குக் கடலோரத்தைப் பற்றிக் கதை எழுத எங்கிருந்து தொடங்குவது?

கடலோர மக்களின் வாழ்க்கையையும் சுற்றுச்சூழல் கவலையையும் தமிழில் கதையாக்க எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றுலாப் பயணிகள் கூடும் பத்து ஃபிரிங்கி கடற்கரை மணலில் தொடங்காதீர்கள். தீவின் தெற்கே தெலுக் கும்பார் பக்கம், படகுகள் கரைக்குத் திரும்பும் நேரத்தில் போய் நில்லுங்கள். கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் அங்கே வீட்டுக்கு வீடு பேச்சு. மூன்று செயற்கைத் தீவுகள் என்று தொடங்கிய திட்டம், 2023-இல் ஒரே தீவாகக் குறைந்தது. கரையோரச் சேற்றில்தான் இறாலும் நண்டும் குஞ்சாக இருந்து வளர்கின்றன. அதன்மேல் மண் விழுந்தால், ஆழ்கடலுக்குப் போக முடியாத சின்னப் படகுக்காரருக்குத்தான் முதல் அடி. உங்கள் கதை அந்தப் படகில் இருக்கிறது என்பேன்.

அப்புறம் சதுப்புநிலக் காடு. மலாயில் பாக்காவ் என்பார்களே, அந்த மரம். அதன் முட்டுவேர்கள் வண்டலைப் பிடித்து வைக்கும், அலையின் வேகத்தைத் தணிக்கும். 2004 சுனாமிக்குப் பிறகுதான் பலர் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். பினாங்கின் கரையோர மீனவர்களோ 1990களிலேயே கன்று நடத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, நமக்கு நெருக்கமான ஒருவரும் வேண்டுமே. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டு வழிநடத்தி 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸைப் பற்றித் தேடிப் படியுங்கள். தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வந்தவர், இந்த மீனவர்களுக்காக விடாமல் பேசியவர்.