வேறு நாட்டு அரசு பேசினால் வதைபடும் மதச் சிறுபான்மையினருக்கு ஏதாவது நடக்குமா?

கேட்டவர் இரண்டு கேள்வி வைத்திருக்கிறார். ஒரு நாட்டில் மதச் சிறுபான்மையினர் வதைபடும்போது இன்னொரு நாடு ராஜதந்திர வழியில் பேசி ஏதாவது நடக்குமா? நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் அதற்காக அரசுக்கு மனு எழுதிப் பயன் உண்டா?

நடக்கும் என்பதற்கு என் மாமியார் வீட்டு பீரோவில் ஒரு காகிதம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். கல்யாணமாகி, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவுக்கு வந்து 19 வருடமாகிறது. கணவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் மாமியாருடைய பாட்டியின் கல்யாணப் பதிவுச் சான்று. 1915 என்று போட்டிருக்கிறது. மடிப்பு கிழிந்து, அதில் ஒட்டிய டேப்பும் பழுத்துவிட்டது. கீழே ஊதா மையில் பெருவிரல் ரேகை. ஆனால் அந்த ஆயாவுக்குத் தாலி ஏறியது அதற்கும் ஒன்பது வருடம் முன்னால். ரேகை வைக்கப் போன அன்று மூன்றாவது பிள்ளை இடுப்பில் இருந்ததாம்.

கட்டின புருஷனை ஏன் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும்? 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவரிடம் வந்து சேர அனுமதி கேட்ட ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கு அது. பலதாரத்துக்கு இடம் கொடுக்கும் மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமாகாது என்றார். இந்து, முஸ்லிம், பார்சி என்று எல்லார் வீட்டிலும் இடி விழுந்தது. ஒரே நாளில் மனைவிகள் மனைவிகள் இல்லை, பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை. யாரும் கோயிலை இடிக்கவில்லை, மசூதிக்குத் தீ வைக்கவில்லை. ஆனாலும் மதத்தின் பெயரால் ஒரு கூட்டத்தையே சட்டத்துக்கு வெளியே தள்ளுவது இப்படித்தான்.

ராஜதந்திரம் அதற்கு முந்தைய வருடமே ஒரு தடவை தோற்றிருந்தது. 1912 கடைசியில் இந்தியாவிலிருந்து காங்கிரஸ் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே இங்கே வந்தார். ஸ்பெஷல் ரயில், வரவேற்பு எல்லாம் உண்டு. பிரிட்டோரியாவில் பிரதமர் போத்தாவையும் அமைச்சர் ஸ்மட்ஸையும் பார்த்துவிட்டு வந்து, ஒப்பந்தக் கூலி முடிந்தவர்கள் தலையில் இருந்த மூன்று பவுன் வரி போய்விடும், எல்லாம் முடிந்தது என்றார். காந்திக்கு அப்போதே சந்தேகம். மறு வருடம் ஸ்மட்ஸ் கையை விரித்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்த வாக்கு அது, காகிதத்தில் ஒரு வரி இல்லை. கோகலே நாணயமான மனிதர். ஆனால் அன்று அவர் கையில் வேறு எதுவும் இல்லையே.

1913 செப்டம்பருக்கு அப்புறம்தான் நிலைமை மாறியது. காந்தியின் சத்தியாகிரகத்தில் பெண்கள் சிறைக்குப் போனார்கள். ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேச, நிலக்கரி வெட்டுவது நின்றது, கொஞ்ச நாளில் கரும்புத் தோட்டங்களும் நின்றன. தில்லையாடிக் குடும்பத்துப் பெண் வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். 16 வயது. பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் அவள் நினைவுக் கல்லுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். என் மகளுக்கு இப்போது அதே வயது. அங்கே அதிக நேரம் நிற்க என்னால் முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வைஸ்ராய் ஹார்டிஞ்ச், 1913 நவம்பரில், சென்னையில் பேசும்போது தென்னாப்பிரிக்க அரசை வெளிப்படையாகவே கண்டித்தார், விசாரணை வேண்டும் என்றார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் ஓர் அரசு இன்னோர் அரசை மேடையில் வைத்துக் கேட்பது அன்று நடக்காத காரியம். லண்டனுக்கே எரிச்சல். அவருக்கும் சொந்தக் கணக்கு இருந்தது, இந்தியா கொதித்துக்கொண்டிருந்தது. இருக்கட்டும். உதவ வருகிறவர் சுத்தமான மனதோடுதான் வர வேண்டும் என்று காத்திருந்தால் யாருமே வர மாட்டார்கள். விசாரணைக் குழு அமைந்தது, இந்திய அரசின் பிரதிநிதியாக பெஞ்சமின் ராபர்ட்சன் கப்பலேறி வந்தார். 1914 நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஒரே மனைவியோடு வாழ்கிறவர்கள் பழைய கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஆனது. பிஸ்கட் டின்னில் இருப்பது அந்தச் சட்டம் கொடுத்த காகிதம்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கல்யாணத்தைப் பதிவு செய்யாத முஸ்லிம் குடும்பங்களின் வழக்கு 2022 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை இழுத்தது. பேச்சுவார்த்தையில் யாரை விட்டுக்கொடுத்தோம் என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

இப்போது மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களைப் பாருங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மியன்மாரிலிருந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2019 நவம்பரில் காம்பியா என்ற சின்ன ஆப்பிரிக்க நாடு சர்வதேச நீதிமன்றத்தில் மியன்மார்மீது வழக்குப் போட்டது. அதன் அப்போதைய நீதி அமைச்சர் தம்பாடு ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் வேலை பார்த்தவர். காக்ஸ் பஜார் முகாமுக்கு நேரில் போய், தப்பி வந்தவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு எடுத்த முடிவு அது. 2020 ஜனவரி 23 அன்று ரோஹிங்கியாக்களைக் காக்க வேண்டும், சாட்சியங்களை அழிக்கக் கூடாது என்று நீதிபதிகள் ஒருமனதாக உத்தரவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் ஊர் திரும்ப வழி பிறக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு வேலையை நிறுத்தி நாட்டை ஆட்டும் பலம் இருந்தது. 1982 குடியுரிமைச் சட்டத்தால் நாடே இல்லாமல் போனவர்களுக்கு அந்தப் பலமும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் வெளியிலிருந்து வரும் குரல் செய்யக்கூடியது, நடந்ததை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி பதிந்து வைப்பது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதை விடுதலை என்று சொல்லி அவர்களை ஏமாற்றவும் கூடாது.

நான் வாழும் நாட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2007 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் மியன்மார் தீர்மானத்தை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கா வாக்களித்தது. இந்த விஷயத்துக்கு அது சரியான சபை இல்லை என்பது சொன்ன காரணம். நிறவெறிக் காலத்தில் உலகம் நமக்காகப் பேசியதை மறந்துவிட்டோமா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. 2018 நவம்பரில் ஐ.நா. குழுவில் ரோஹிங்கியா தீர்மானம் வந்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கியது. அப்புறம் வெளியுறவு அமைச்சர் லிண்டிவே சிசுலு அந்த நிலையை மாற்றி, ஆதரவு என்று அறிவித்தார்.

அந்த வாரங்களில் எங்கள் தெருவில் ஒரு மனு சுற்றியது. நானும் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். 'மனிதநேயத்தோடு', 'வன்மையாகக் கண்டிக்க' என்று ஒரு பக்கம் நிறைய. எதிர் வீட்டு குஜராத்தி முஸ்லிம் பெரியவர், ஓய்வுபெற்ற கணக்காளர், சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துப் படித்தார். பேனாவை எடுத்து முக்கால் பக்கத்தை அடித்துவிட்டார். மிச்சம் நின்றது நான்கு வரி: எந்தத் தீர்மானம், எந்தச் சபை, ஒதுங்கியதை மாற்றி ஆதரித்து வாக்களியுங்கள், முடிவை எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அன்று அந்த மேசையில்தான் கோகலேயின் நினைவு வந்தது.

எங்கள் மனுவால்தான் அமைச்சர் மாறினார் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நீங்கள் எழுதுவதானால் அந்த நான்கு வரி மாதிரி எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் வாக்காளர்களாக இருக்கட்டும், தொகுதி பெயரையும் சேருங்கள். அனுப்புவதற்கு முன்னால், யாருக்காக எழுதுகிறீர்களோ அவர்களில் ஒருவரிடமாவது காட்டிவிடுங்கள்.